மேல் கேட்டில் ஒன்றேகால் மணி நேரம்

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை பகல் தபாலில் வந்தது. இன்று வியாழன். இரண்டு நாளாக அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோலாலம்பூரில் இந்தப் பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு பக்கம் எனக்குச் சந்தோஷம்தான். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் நீயும் கமலமும் கோலகுபுவில் வீட்டை ஒழுங்கு செய்துவிட்டீர்கள். மராமத்து ஆபீசில் உன்னைச் சாலை ஓவர்சியர் என்று மதிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பிரேசர் மலைக்கு அழைத்துப்போய்ப் பழைய கோவேறு கழுதைப் பாதையையும் ஈயச் சுரங்கத்தையும் காட்டப் போகிறாய், என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறாய். மூன்றாம் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ரப்பர் விலையும் ஈய விலையும் விழுந்துவிட்டதால் சாலைக் கூலிகளைக் குறைக்கிறார்கள், பிறந்த ஊருக்குத் திருப்பிக் கப்பலேற்ற எட்டுப் பேரைப் பொறுக்கித் தரும் வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது, திங்கட்கிழமை பட்டியல் துரையிடம் போகிறது என்று எழுதியிருக்கிறாய். "முதல் பெயர் காத்தமுத்து. மேல் கேட்டைத் திறக்காமல் அம்மாவைச் சாகவிட்ட அதே காத்தமுத்து. பத்து வருஷமாக நான் காத்திருந்தது இதற்குத்தான் அப்பா." அந்த வரியின் கீழே கோடு வேறு போட்டிருக்கிறாய்.

இது உனக்கு எழுதும் கடிதம்தான், ஆனால் நீ மட்டும் படித்து மடித்து வைக்க எழுதவில்லை. கமலம் படிக்கட்டும். கிள்ளானில் இருக்கும் அவள் அப்பாவுக்கு, உன் தாய்மாமாவுக்கு, அப்படியே அனுப்பு. காத்தமுத்துவுக்கு எழுத்து தெரியாது. அவருக்கு நீயே படித்துக் காட்ட வேண்டும். ஏன் என்பது போகப் போகத் தெரியும். கல்யாணமான மகனுக்கு அப்பா புத்தி சொல்லி எழுதுவது நம்மவர்களிடம் இருக்கிற வழக்கம். நானும் சொல்கிறேன். ஆனால் என்னிடம் சொல்வதற்கு இருப்பதெல்லாம், வேண்டிய நேரத்தில் எனக்கு இல்லாமல் போன புத்திதான்.

உன் அப்பன் எப்படிப்பட்ட ஆள் என்பது உனக்குத் தெரியும். சாலாக் செலாத்தான் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பதில் தொடங்கி, கிள்ளான் பாதையில் உதவி ஸ்டேஷன் மாஸ்டராகி, முப்பது வருஷம் ரயில்வேயில் தேய்ந்தவன். சாப்பாடு பன்னிரண்டு பத்துக்கு என்றால் பன்னிரண்டு பதினொன்றுக்கு முகம் சுளிப்பேன். குவாட்டர்ஸில் பிள்ளைகள் என் நடையைப் பார்த்து மணி சொல்வார்கள் என்று நீயே கேலி செய்திருக்கிறாய். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நீ பிறப்பதற்கு முன், ஒரு சின்ன ஸ்டேஷனில் வேலை பார்த்தபோது, எதிர் ரயில் வந்து சேர்ந்துவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டு, அடுத்த ரயிலை விடலாம் என்று லைன் கிளியர் கொடுத்துவிட்டேன். ஒற்றை லைன். இரண்டு எஞ்சினும் நேருக்கு நேர் வந்து, டிரைவர்களின் சாமர்த்தியத்தால் கூப்பிடு தூரத்தில் நின்றன. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் அந்த இரண்டு எஞ்சின்களும் என் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. அதற்குப் பிறகு நானாக எதையும் தீர்மானிப்பதில்லை என்று முடிவு செய்தேன். விதிப் புத்தகம் என்ன சொல்கிறதோ அதுதான். ஊரார் அதை நேர்மை என்று நினைத்தார்கள். நானும் அப்படியே நம்பிவிட்டேன். அது பயம், தம்பி. அத்தனை வருஷம் பயந்துகொண்டே வேலை பார்த்தவனுக்கு ஓய்வு நாளில் மாலை போட்டு அனுப்பினார்கள்.

மலைக்குப் போன கதைக்கு வருகிறேன். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மலை ஊர் புதிதாகத் திறந்த காலம். துரைமார்கள் வெயில் தாங்காமல் குளிர்ச்சி தேடிப் போகிற இடம், பந்தடி மைதானம், ரோஜாத் தோட்டம், காட்டுக்குள் நடக்கப் பாதை என்று கோலாலம்பூர் முழுக்கப் பேச்சு. உன் மாமா அங்கே மராமத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்தார், சின்னக் குவாட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். நம்மைப் போன்றவர்கள் அந்த மலையில் படுத்தெழ அது ஒன்றுதான் வழி. பிரிக்பீல்ட்ஸில் என் தரத்துக் கிராணி எவனும் மலை ஏறியதில்லை. நான்தான் முதல் ஆளாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. ஓய்வுபெற்றுச் சீமைக்குப் போன ஒரு துரையின் கம்பளிக் கோட்டைக்கூட வாங்கி வைத்தேன். கை இரண்டும் விரல் நுனி வரை தொங்கும். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

உன் அம்மாவுக்கு அப்போது மூன்று மாதம். இதையும் உனக்கு யாரும் சொன்னதில்லை. உனக்குப் பிறகு அவளுக்கு இரண்டு தடவை கலைந்திருந்தது, அதனால் பயந்தாள். "இப்ப வேணாங்க. புள்ள பொறந்து தவழ ஆரம்பிச்சதும் எல்லாருமா போலாம். மல எங்கயும் ஓடிடாது" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? வருஷத்துக்கு ஒரு தடவை ரயில்வே தருகிற இலவசப் பாஸ் அந்த மாதத்தோடு காலாவதியாகிவிடும் என்றேன். பாஸை எடுத்துத் தேதியைக் காட்டினேன். அவள் தேதியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், போய்ப் பெட்டியை எடுத்து வைத்தாள். கமலம் ஏதாவது வேண்டாம் என்று சொன்னால், அந்த நேரத்தில் உன் கையில் ஒரு காகிதம் இருந்தால், முதலில் அதைக் கீழே வை. நான் சொல்ல வேண்டிய முதல் புத்தி இதுதான்.

மலைக்குப் போகும் கடைசி ஐந்து மைல் சாலை உனக்கு இப்போது உள்ளங்கை மாதிரி தெரிந்திருக்கும். கமலத்தின் அப்பாவுக்கும் தெரியும். மற்றவர்கள் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், ஒரு வண்டிதான் போகலாம். அதனால் கீழே ஒரு கேட், மேலே ஒரு கேட். ஒற்றைப்படை மணிக்குக் கீழ் கேட் திறக்கும், வண்டிகள் ஏறும். இரட்டைப்படை மணிக்கு மேல் கேட் திறக்கும், வண்டிகள் இறங்கும். நாற்பது நிமிஷத்தில் மூடிவிடுவார்கள். மீதி இருபது நிமிஷம், உள்ளே நுழைந்த வண்டி வெளியே போய்ச் சேர்வதற்கு. இதைக் கேட்டதும் எனக்கு ஏற்பட்ட பூரிப்பு இருக்கிறதே! ஒற்றை லைன் ரயில் பாதையை அப்படியே மலைமேல் கொண்டுவந்து போட்ட மாதிரி இருந்தது. கீழ் கேட்டில் காத்திருந்த நேரம் முழுக்க உன் அம்மாவுக்கு அதைப் பாராட்டிப் பாராட்டி விளக்கினேன். அவள் சாலையோரத்தில் குந்தி உட்கார்ந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள்.

மேல் கேட்டைக் காத்தவர்தான் காத்தமுத்து. உனக்கு அவரை அந்த இரண்டு நாளில் எவ்வளவு பிடித்திருந்தது என்பதை நீ மறந்திருப்பாய், அல்லது வேண்டுமென்றே மறந்திருப்பாய். சாலை வருவதற்கு முன், சுரங்கத்து ஈயத்தைக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றி மலையிலிருந்து இறக்கிய கூட்டத்தில் அவரும் ஒருவர். கேட் மூடியிருந்த நேரத்தில் உன்னையும் என்னையும் அழைத்துப்போய்ப் பாசி பிடித்த அந்தப் பாதையைக் காட்டினார். ஒரு முழம் அகலம்தான் இருந்தது. கழுதைக் குளம்பு பட்டுப் பட்டுக் குழிந்த கல்லைத் தடவிப் பார்க்கச் சொன்னார். சுரங்கத்துக்குச் சொந்தக்காரத் துரை ஒருநாள் காணாமலே போன கதையைச் சொன்னார். சுரங்கம் வெட்டிய பள்ளத்தில்தான் இப்போது துரைமார்கள் பந்து அடிக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார். மண்ணைக் காலால் கிளறி ஒரு கழுதை லாடத்தை எடுத்து உனக்குக் கொடுத்தார்.

"இம்புட்டுக் குறுகலான பாதையில எதுக்கால இன்னொரு கூட்டம் வந்தா என்ன செய்வீங்க?" என்று நீ கேட்டாய். "காது இருக்குல்ல தம்பி" என்றார் அவர். "கழுத கழுத்துல மணி. ரெண்டு வளைவு தாண்டி வர்றப்பவே கேட்டுரும். சொமை இல்லாதவன் ஒதுங்கி நிப்பான், சொமக்காரனுக்கு வழி விடுவான். கேட்டாவது ஒண்ணாவது. இப்பவும் கார் ஏறுச்சுன்னா இங்க நின்னே எனக்குத் தெரிஞ்சிரும்." என்னைப் பார்த்து, "அப்புடித்தானேண்ணே?" என்றார்.

அந்த 'அண்ணே' எனக்குச் சுருக்கென்று தைத்தது. கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன், ரயில்வே உத்தியோகஸ்தன், ஒரு சாலைக் கூலி என்னை அண்ணே என்கிறான் என்று உடம்பெல்லாம் எரிந்தது. "கிராணியாருன்னு கூப்பிடு" என்றேன். அவர் முகம் மாறவில்லை. "சரிங்க கிராணியாரே" என்றார். உன் காதில் அது விழவில்லை, நீ லாடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாய். இதை அற்ப விஷயம் என்று தாண்டிப் போய்விடாதே. இனி நடந்ததில் பாதி இதற்குள் இருக்கிறது.

மூன்றாம் நாள் பகல். மாமா ஆபீஸ் வேலையாகக் காட்டுப் பக்கம் போயிருந்தார். சாப்பிட்டு எழுந்த உன் அம்மா சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேலை நனைந்திருந்தது. மாமி துணிகளை மடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார், மடித்ததெல்லாம் சிவந்துகொண்டே இருந்தது. மலையில் மருந்துக் குப்பி கொடுக்கிற ஆள் மட்டும்தான் உண்டு. ஆஸ்பத்திரி என்றால் இறங்கிப் பழைய கோலகுபுவுக்குப் போக வேண்டும். அந்தப் பழைய ஊரின் தெருக்களெல்லாம் இன்று ஆற்று வெள்ளம் கொண்டுவந்த வண்டலுக்கு அடியில் கிடக்கின்றன, நீ அதைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறாய். நம்மை ஏற்றி வந்த வாடகைக் காரும் அதன் மலாய்க்கார டிரைவர் பாக் உசேனும் அன்று மேலேதான் இருந்தது நம் அதிர்ஷ்டம். அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்து, நீயும் நானும் ஏறி, மேல் கேட்டுக்கு வந்தோம். என் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நாற்பத்தைந்து. இறங்கும் நேரம் முடிந்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. அடுத்து இறங்க நான்கு மணி.

காத்தமுத்து காரின் உள்ளே எட்டிப் பார்த்தார். உன்னைக் கையைப் பிடித்து இறக்கி, குடிசைக்குள் இருந்த தன் மனைவியிடம் விட்டுவிட்டு ஓடி வந்தார். அந்தக் குடிசைக்கு ஜன்னல் மலைப் பக்கம் மட்டும்தான். கேட் உன் கண்ணுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நீ உள்ளே போனதும் அவர் செய்த முதல் காரியம், பூட்டை எடுத்துக் கேட்டை அகலத் திறந்தது.

இந்த வாக்கியத்தை இன்னொரு தடவை படி, தம்பி. அகலத் திறந்தார்.

"போங்க கிராணியாரே, நிக்காதீங்க" என்றார். இறங்கும் நேரம் இன்னும் வரவில்லை என்றேன். "ஏறுற வண்டியெல்லாம் ஒரு மணிக்கே ஏறி முடிஞ்சிருச்சு. மூணு மணி வரைக்கும் கீழ ஒருத்தனையும் விடமாட்டான். அதுக்குள்ள முக்காவாசி தூரம் எறங்கிரலாம்" என்றார். மூன்று மணிக்கு ஏறத் தொடங்கும் வண்டி கடைசி மைலில் எதிரே வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். எனக்கு அந்தப் பழைய இரண்டு எஞ்சின்கள்தான் கண்முன்னால் நின்றன. அவர் சிவப்புக் கொடியை உருவி எடுத்துக்கொண்டு வந்து காரின் ஃபுட்போர்டில் ஏறி நின்றார். "நானே கூட வர்றேன். வளைவுக்கு வளைவு காது குடுத்துக் கேக்குறேன். எதுக்கால சத்தம் கேட்டா எறங்கி ஓடி நிறுத்துறேன். என் வேல போனாப் போவுது, அக்கா உசுரு முக்கியம்ணே" என்றார். பாக் உசேன் திரும்பி என்னைப் பார்த்தார். "போலே ஜாலான், துவான்" என்றார், போகலாம் என்று.

காத்தமுத்து மறுபடி அண்ணே என்றது என் காதில் விழுந்தது. அப்போதும் விழுந்தது, அந்த நிலைமையிலும். "இறங்குய்யா கீழே. எனக்கு நீ ரூல் சொல்லித் தர்றியா?" என்று கத்தினேன். அவர் இறங்கினார்.

ரயில்வேயில் ஒரு விதி உண்டு. ஒற்றை லைனில், வழி விட்டதற்கு அடையாளமான டோக்கன் டிரைவர் கையில் இல்லாமல் வண்டி நகரக் கூடாது. ஆனால் டோக்கன் கொடுக்கிற கருவியே கெட்டுப்போனால்? அப்போது ஒரு ஆளைப் பொறுக்கி, கையில் சிவப்புப் பட்டை கட்டி, எஞ்சினில் ஏற்றி அனுப்புவோம். பைலட்மேன் என்று அவனுக்குப் பெயர். அந்த ஆள் ஏறி நின்றுவிட்டால் அதுதான் உத்தரவு, அந்த மனிதன்தான் டோக்கன். நானே எத்தனையோ தடவை பட்டை கட்டி அனுப்பியிருக்கிறேன். என் விதிப் புத்தகத்தை ஒரு நாளும் பார்த்திராத காத்தமுத்து, கையில் சிவப்புக் கொடியோடு ஃபுட்போர்டில் ஏறி நின்றபோது செய்தது அதுவேதான். அந்த விதி எனக்கு அன்று மறந்துபோனது என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். மறக்கவில்லை. மூன்று மணி அடிக்கும்போது பளிச்சென்று நினைவுக்கு வந்தது. முதல் கால் மணி நேரம் பயத்தில் நின்றேன், அதற்கு என்னை நீ மன்னித்தாலும் மன்னிப்பாய். மீதி ஒரு மணி நேரம் நின்றது, கத்தி இறக்கிவிட்ட கூலியைக் கூப்பிட்டு "சரி, வாய்யா போகலாம்" என்று சொல்ல என் வீம்பு விடாததால்.

சிறு தூறல் போட்டது. காத்தமுத்து கேட்டை மூடவில்லை. மேட்டுச் சரிவில் அது தானாகச் சாத்திக்கொள்ளும் என்பதால், கையால் பிடித்துத் தள்ளியபடி தூறலில் நின்றார். முகத்தைப் பள்ளத்தாக்குப் பக்கம் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். இடையிடையே என்னைப் பார்த்து, "சத்தமே இல்லீங்க" என்றார். மூன்று மணியிலிருந்து நான்கு மணி வரை, ஏறுகிற நேரம் முழுக்க, ஒரு வண்டி ஏறவில்லை. சைக்கிள்கூட இல்லை. நான் முன்சீட்டில் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் உன் அம்மா ஒன்று கேட்டாள். அதைக் கடைசியில் எழுதுகிறேன், இப்போது கை வரவில்லை.

நான்கு மணிக்கு உன்னைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு இறங்கினோம். அதற்கப்புறம் நடந்தது உனக்கு நினைவிருக்கும், நீ அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கீழ் கேட் தாண்டி ஆறேழு மைலில் அவள் கால் சில்லிட்டதை நீதான் முதலில் சொன்னாய். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பிரிக்பீல்ட்ஸுக்குக் கொண்டுவந்து எல்லாம் முடிந்த பிறகு உன் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன மச்சான் நடந்துச்சு? ஏன் இவ்வளவு நேரமாச்சு?" என்றார். "கேட்டை மூடிட்டாங்க" என்றேன். அதில் ஐந்து நிமிஷத்து உண்மை இருந்தது. நீ பக்கத்தில் நின்றாய். அன்று சாயங்காலம் லாடத்தை வீட்டு முன்னால் சாக்கடையில் வீசியெறிந்தாய். மாமா தங்கையைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் புகார் எழுதினார். விசாரணைக்கு என்னை அழைத்தார்கள். காத்தமுத்து துரை முன்னால் நின்று, "நான் தொறந்துதான் வெச்சிருந்தேன் தொரை. அவருகிட்டயே கேளுங்க" என்றார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை. துரை என் பக்கம் திரும்பி, கேட் திறந்திருந்ததா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, இல்லை என்றேன். ரயில்வே கிராணி சொன்ன பிறகு வேறு சாட்சி எதற்கு? பாக் உசேனைக் கூப்பிடவே இல்லை, அவரும் இப்போது உயிரோடு இல்லை. காத்தமுத்துவைக் கேட்டிலிருந்து எடுத்துக் கல் உடைக்கிற கும்பலில் போட்டார்கள். வெளியே வரும்போது அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "தம்பி எப்புடி இருக்குது, சாப்புடுதா?" என்று உன்னை விசாரித்தார். நான் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தேன்.

மாமா தன் மகளை உனக்குக் கொடுத்தார். கல்யாண மேடையில் என்னைக் கட்டிக்கொண்டு, "தங்கச்சி இல்லையே மச்சான்" என்று அழுதார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கல்யாண வீட்டில் எதற்கு என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். பத்து வருஷமாக எனக்குச் சாக்கு கிடைத்துக்கொண்டே இருந்தது. நீ சின்னப் பையன், பரீட்சை, வேலை தேடுகிறாய், இப்போது வேண்டாம். ஒரு பொய்யை நான் சொன்னேன், அதை நீ சோறு போட்டு வளர்த்திருக்கிறாய். உன் கோபத்தைப் பார்க்கும்போதெல்லாம், அம்மாமேல் எவ்வளவு பாசம் என்று ஊரார் மெச்சுவார்கள். அந்தக் கோபம் என்மேல் வர வேண்டியது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னொரு மனிதன் முதுகில் அதை ஏற்றிவிட்டு, உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டேன்.

காத்தமுத்துவுக்குப் பிள்ளைகள் இங்கேதான் பிறந்தார்கள். முப்பது வருஷத்துக்கு முன் விட்டுவந்த ஊரில் அவருக்கு யாரும் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த மலையிலிருந்து ஈயத்தை இறக்கியவர், அதற்குச் சாலை போட்டவர், அதன் கேட்டைக் காத்தவர். ஞாயிற்றுக்கிழமை நீ கமலத்துக்குப் பழம்பெருமை என்று காட்டப்போகிற பாதையில் தேய்ந்த கால் அவருடையது. அவரைக் கப்பலேற்றிவிட்டு அந்தப் பாதையை யாருக்குக் காட்டுவாய்? பட்டியலிலிருந்து அவர் பெயரை எடு. எடுத்தால் அந்த இடத்தில் வேறு ஒருவர் பெயர் வரும் என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பாவத்துக்கும் வேர் நான்தான். ஆனால் யாரை எழுதினாலும், கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுது. ஆபீசில் உனக்கு மேலே இருப்பவன் சொன்னதாலோ, வீட்டில் உன்னைப் பெற்றவன் சொன்னதாலோ எழுதாதே.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். நேராகக் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் போய் அவரைப் பார்க்கிறேன். பிறகு உன் துரையைப் பார்த்து, பத்து வருஷத்துக்கு முன் இல்லை என்று சொன்னதை ஆமாம் என்று மாற்றிச் சொல்லப்போகிறேன். அதற்கப்புறம் உன் வீட்டு வாசலுக்கு வருவேன். என்னை உள்ளே கூப்பிடுவது உன் இஷ்டம், கூப்பிடாவிட்டால் மாலை ரயிலுக்குத் திரும்பிவிடுவேன். நீ எறிந்த லாடத்தை அன்றே சாக்கடையில் இறங்கி எடுத்து வைத்திருந்தேன். அதையும் கொண்டுவருகிறேன். அது உனக்குச் சேர வேண்டியது.

நான் வருவதற்கு முன் இந்தக் கடிதம் உன் கையில் இருக்கும். அவருக்குப் படித்துக் காட்டும்போது எதையும் விட்டுவிடாதே, முக்கியமாகக் கீழே இருப்பதை. அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். அவர் காதிலும் விழுந்தது, அவருக்குத் தெரியும்.

மணி மூன்று நாற்பது இருக்கும். உன் அம்மா பின்சீட்டில் தலையைக் கொஞ்சம் தூக்கி, கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக, என்னைக் குறை சொல்கிற குரலில்கூட இல்லாமல், புரியாமல் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"கேட்டு தொறந்துதானேங்க இருக்கு? ஏன் நிக்கிறோம்?"

நான் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் இருபது நிமிஷம்" என்றேன்.

உன் அப்பா